பசிக்காத தாய்

"பசிக்கலைன்னு பொய் சொல்லி எம் பசியாத்துன தாயே" என்று தவசி மேடையில் பாடும்போதெல்லாம் கூட்டம் அழும். முன்வரிசையில் இருக்கும் அவன் அம்மா பூரணத்துக்கு மட்டும் எரிச்சல் வரும். வீட்டில் பலமுறை சொல்லிவிட்டாள்.

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்? எனக்கும் பசிக்குது, பாதி வைடான்னு கெஞ்சுனேன். நீதான் சட்டியை வழிச்சுத் தின்னுட்டு ஓடுன."

"அதைப் பாடுனா யாரும்மா கேப்பா?" என்பான்.

கோயில் கொடை விழாவில் ஒருநாள் அவளையும் மேடைக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். பூரணம் மைக்கைப் பிடித்து நடந்ததை அப்படியே சொன்னாள்.

"மகனைக் கேலி பண்றதுல என்னா பாசம் பாருங்க!" என்றார் விழாத் தலைவர். கூட்டம் கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள்.

"கேலி இல்லைங்க, நெசமாவே பசிச்சுது" என்றாள். மைக் அதற்குள் வேறு கைக்குப் போயிருந்தது.