எண் மாறிய வீடு

“இதுதாங்க உங்க வீடு,” என்றார் வழிகாட்டி ஒஸ்கார், மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியபடி.

பின்னால் நின்ற டோர்காவுக்குக் காது சுட்டது. போன வாரம் இதே கதவைக் காட்டி, அர்ஜென்டினாவிலிருந்து வந்த தம்பதியிடமும் இதையேதான் சொன்னார்.

எர்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மான்செஸ்டரில் தனியாக இருப்பவர். யூதர்களுக்கு அவர்களுடைய பூர்வீக ஊர்களைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் பிராக், வியன்னா என்று வந்தவர், வழியில் யாரோடும் ஒட்டவில்லை. பெரிய பெரிய ஜெபக்கூடங்களில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளும்போது, இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

புடாபெஸ்டில் அம்மா பிறந்த வீட்டின் நிலைக்காலை ஒரு தடவை தொட வேண்டும். சாகும்போது அம்மா கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அதற்காகவே வந்திருந்தார்.

“அம்மா சொன்ன தெரு, நம்பர் எல்லாம் வேறயாச்சே?” அம்மாவிடம் கற்ற பழைய ஹங்கேரிய மொழியில் கேட்டார். சின்ன வயதில் அந்த முகவரியைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள் அம்மா.

“யுத்தத்துக்கு அப்புறம் ஒருத்தன் தெருப் பேரை மாத்தினான், இன்னொருத்தன் நம்பரை மாத்தினான். எங்க ஊர்ல தபால்காரனே வழி கேட்டுத்தான் போவான்!” என்று சிரித்தார் ஒஸ்கார்.

டோர்கா ஒஸ்காரின் கோட்டைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள். “சார், அவரோட அம்மா வீடு பக்கத்துத் தெருவுல இருக்கு. நம்பர்கூட மாறல. நானே பார்த்தேன்.”

“காலேஜ் லீவுக்கு வேலை கத்துக்க வந்தியா, என் வேலையைக் கெடுக்க வந்தியா? பேசாம நில்லு.”

கதவு திறந்தது. உதட்டுச் சாயம் பூசி, கழுத்தில் முத்துமாலை போட்டு, எல்லாரும் க்ளாரி அத்தை என்று கூப்பிடும் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

“வாங்க, வாங்க! அடடா, அப்படியே அம்மா ஜாடை!”

டோர்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். எர்வினின் அம்மா ஊரைவிட்டுப் போனபோது இந்த அத்தை பிறந்தேயிருக்க மாட்டார்.

நிலைக்காலில் சாய்வாக ஒரு பள்ளம். யூத வீட்டு வாசல்களில் இருக்கும், வேத வரிகள் வைத்த சின்னக் கூட்டை ஒரு காலத்தில் யாரோ அங்கே அறைந்திருக்கிறார்கள். அதன்மேல் எத்தனையோ பெயின்ட். எர்வின் அதைத் தொட்டு, அந்த விரலை வெகுநேரம் உதட்டிலேயே வைத்திருந்தார்.

எந்தக் குடும்பத்தின் தடயமோ அது. டோர்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே மேஜையில் காபி, வால்நட் கேக்.

“உங்க அம்மா இந்த ஜன்னல் ஓரமாத்தான் உட்காருவாங்களாம். தெருவையே பார்த்துக்கிட்டு இருப்பாங்களாம்,” என்றார் க்ளாரி அத்தை.

“ஆமாங்க! அம்மா இந்த ஜன்னலைப் பத்தி எவ்வளவோ சொல்லியிருக்கா.”

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீங்களா! இன்னொரு துண்டு எடுத்துக்குங்க.”

“வேண்டாம்னா விடவா போறீங்க?”

“தனியா சாப்பிட்டா ஒரு கேக்கும் தீர மாட்டேங்குதுங்க. காய்ஞ்சு போய் புறாவுக்குப் போடறேன். அதுங்களுக்கும் இப்ப சலிச்சுப் போச்சு.”

எர்வின் வாய்விட்டுச் சிரித்தார். பயணம் கிளம்பியதிலிருந்து அவர் சிரித்து டோர்கா பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அவளை இன்னும் குத்தியது.

அவர்கள் கீழே இறங்கும்வரை கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கையசைத்துக்கொண்டே இருந்தார் க்ளாரி அத்தை.

பஸ்ஸில் எர்வின் வழக்கம்போல் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்தார். டோர்காவால் பொறுக்க முடியவில்லை. ஒஸ்கார் முன்னால் டிரைவரோடு அரட்டையடிக்கும் சமயம் பார்த்துப் பின்னால் போனாள்.

“மாமா, உங்களை ஏமாத்திட்டோம். அது உங்க அம்மா வீடு இல்ல. வர்றவங்க எல்லாருக்கும் அந்த ஒரே வீட்டைத்தான் காட்டறாங்க.”

“தெரியும்மா.”

“தெரியுமா? அப்புறம் அந்த ஜன்னலைப் பத்தி…”

“அம்மா வீட்ல தெருப்பக்கம் ஜன்னலே கிடையாது. எல்லாம் முற்றத்தைப் பார்த்துதான்.” எர்வின் லேசாகச் சிரித்தார். “அந்தம்மாகிட்டப் போய் உளறி வைக்காதே. பாவம், எனக்காக எவ்வளவு யோசிச்சுப் பொய் சொன்னாங்க!”

“அதுக்காக? இவ்வளவு தூரம் வந்துட்டு, நிஜ வீட்டைப் பார்க்காமலே போவீங்களா? பக்கத்துத் தெருதான் மாமா. எழுந்திருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

“காலையிலேயே போயிட்டு வந்துட்டேன். நீங்கள்லாம் டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“போனீங்களா! உள்ளே ஆள் இருந்தாங்களா?”

“இருந்தாங்க. யாருன்னு கேட்டாங்க. அம்மா பேரைச் சொன்னேன். உள்ளே வரல, வாசல்ல நிலைக்காலை மட்டும் தொட்டுட்டுப் போயிடறேன், கொஞ்சம் இந்தக் கம்பிக் கதவைத் திறங்கன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

எர்வின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் சொல்லல. ஏற்கெனவே போட்டிருந்த தாழ்ப்பாளோட இன்னொண்ணையும் சேர்த்துப் போட்டாங்க.”