ஹார்கிரேவ் மேடு

1987 ஆகஸ்ட் முதல் தேதி, அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் விடுதலை நாளன்று, ஜமைக்காவின் வடகரையிலுள்ள ஒரு கரும்புத் தோட்டத்து ஊரில் பலரும் ஹார்கிரேவ் என்ற தங்கள் குடும்பப் பெயரைச் சட்டப்படி கைவிட்டார்கள். வினெட் ஹார்கிரேவும் அவள் அம்மாவும் மட்டும் மறுத்துவிட்டார்கள்.

அக்டோபரில் அம்மா இறந்தாள். துக்க வீட்டில் ஊர் வழக்கப்படி டாமினோ ஆடியபடியே தம்பி டெல்ராய் சீண்டினான். அவன் இப்போது டெல்ராய் கோஜோ.

“நம்ம பூட்டனை மாட்டோட சேர்த்து விலைக்கு வாங்கினவன் பேரு அது, அக்கா. வெக்கமா இல்லையா உனக்கு?”

“முதல்ல அம்மாவை எங்க புதைக்கிறதுன்னு சொல்லு.”

“வேற எங்க? கீழதான், நம்ம ஆளுங்க பக்கத்துல.”

“அங்க ரெண்டடி தோண்டினா கடல்தண்ணி ஊறுது. அப்பா பெட்டி மிதந்ததை மறந்துட்டியா? என்னைத் தண்ணியில போட்டுடாதீங்கன்னு அம்மா கெஞ்சினாங்கடா.”

அவள் நேரே பாதிரியாரிடம் போனாள். சர்ச் மேட்டில், தோட்ட முதலாளிகளின் கல்லறைகளுக்கு நடுவே ஓர் இடம் கேட்டாள்.

“அங்க வெளியாளுங்களைப் புதைக்க முடியாதும்மா.”

“வாசல்ல முதலாளி வெட்டி வச்ச கல்லைப் படிச்சுப் பாருங்க, ஐயா.”

அவருக்கு அது மனப்பாடம். ‘இந்த மண் ஹார்கிரேவ் என்ற பெயருடையவர்களுக்கு மட்டுமே, என்றென்றைக்கும்.’

“எங்கம்மா அயோன் ஹார்கிரேவ்,” என்றாள் வினெட். “அந்தப் பேரை நாங்க கேட்டு வாங்கலை. அந்த முதலாளிதான் எங்களுக்கு வச்சார்.”

சனிக்கிழமை, முதல் முதலாளியின் கல்லறைக்குப் பக்கத்தில் அம்மாவை அடக்கம் செய்தார்கள். குழியில் ஈரமே இல்லை.

திங்கட்கிழமை, பழைய பெயரைத் திரும்பக் கேட்டு டெல்ராய் மனுக் கொடுத்தான்.