ஒரு மூச்சு ஊதல்

குடத்துத் தண்ணீர் ஒருமுறை நடுங்கியது.

பிறகுதான் ஊதல் கேட்டது.

அவள் கை தானாக அரிசிக்குப் போனது.

அவள் புருஷன் கொழும்பு ஸ்டீமரில் சுக்கான் பிடிக்கிறவன். திரும்பி வரும்போது கரைக்கு எதிரே கிடக்கும் தீவைத் தாண்டியதும் ஊதல் கயிற்றை இழுப்பான். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்து, மூச்சு முட்டினால்தான் விடுவான். உலை வை என்று அர்த்தம். பயணிகள் தங்களுக்கென்று நினைத்துக்கொள்வார்கள்.

நீளமான ஊதல். முன்னே முத்துக்குளித்த மூச்சல்லவா. எரிகிற சுருட்டோடு முங்கி, எரிகிற சுருட்டோடு எழுந்தவன் என்று தூத்துக்குடியில் பேச்சு. சுருட்டு நனைந்திருந்தது என்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

அப்போது மேலே தோணியில் கயிறு பிடித்தவன் அவள் அண்ணன்; கைத்தான் என்று பெயர். குளிக்கிறவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும். தங்கச்சி தாலியை எவன் கைவிடுவான்? மூச்சு முட்டினால் கீழிருந்து ஒரு சுண்டு. மேலே இவன் இழுப்பான்.

யுத்தம் வந்தது. கடற்படை ஸ்டீமரை எடுத்துக்கொண்டது, ஆட்களோடு சேர்த்து. சாம்பல் நிறம் பூசி, சாய்வு நாற்காலிகளை இறக்கி, பீரங்கியை ஏற்றியது. வாலில் இரும்பு வடத்தைக் கட்டி, கடலுக்குள் கிடக்கும் கண்ணிவெடிகளை வாரி வா என்று அனுப்பியது.

ஊதக் கூடாது என்று உத்தரவு. எதிரிக்குக் கேட்டுவிடுமாம். பீரங்கி கேட்காது போலும்.

ஒரு வருஷமாக, அவன் வந்த நாளெல்லாம் பழஞ்சோறு.

இன்று ஊதுகிறது.

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கைத்தான் துள்ளி எழுந்தான்.

“உலைய வைட்டீ! சண்ட முடிஞ்சிட்டு போல. மாப்ள ஊதுறாருல்லா!”

அவள் குடத்தைப் பார்த்தாள். ஊதலுக்கு முன்பே நடுங்கிய தண்ணீரில் வளையங்கள் இன்னும் அடங்கவில்லை.

அரிசி கையிலேயே இருந்தது.

ஊதல் நீண்டது. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

தீவுக்குப் பின்னால் கறுப்பாகப் புகை எழுந்தது.

கைத்தான் வலையைக் கீழே போட்டான்.

ஊதல் கரகரத்தது. கொப்பளித்தது.

நின்றது.

மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. தெருவே கரைக்கு ஓடியது.

கைத்தான் ஓடவில்லை. அவன் கைகள் இரண்டும் முன்னால் நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, எதையோ பற்றியதுபோல் இறுகி நின்றன.

அவள் இன்னும் மூச்சு விடவில்லை.

முட்டியபோது சொன்னாள்.

“இழு அண்ணே.”