ஆறாவது கோடு

மீட்டிங் ரூம்ல பெரிய திரையில அந்தப் படம் விரிஞ்சதும் அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

நாலு மணிக்குப் பஞ்சாயத்து. இப்ப மணி மூணு அம்பது. எல்லாம் சரியா தெரியுதான்னு ஒரு தடவை பார்த்துக்கலாம்னு முன்னாடியே வந்து ஒயரை மாட்டியிருந்தா.

வீடியோ கேம் கம்பெனி அது. கேமை வெளிய விடுறதுக்கு முன்னாடி ஆடி ஆடிக் குத்தம் கண்டுபிடிக்கிறது அவ வேலை. இப்ப கையில இருக்கறது அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து, அதை ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சு அனுப்பினா மூணு பாயிண்ட். கையில பிடிக்கிற கன்ட்ரோலர்ல இருக்கற குச்சியைக் கட்டைவிரலால பின்னாடி இழுத்து, நேரா முன்னாடி தள்ளணும். விரல் கோணினா பந்தும் கோணும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த உதையை உண்டாக்கினவரு உதை அண்ணன். பதினோரு வருஷமா கேம்ல வேற எதையும் அவரு தொட்டதில்ல. ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அவரோட சொந்தப் பேரே தெரியாது. கோவத்துல கதவை உதைச்சாலும் கோணம் பார்த்துத்தான் உதைப்பாருன்னு கிண்டல் பண்ணுவாங்க.

மூணு வாரமா அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. பந்து வலது பக்கம் இழுக்குதுன்னு ஆரம்பிச்சாரு. திருத்தினாரு. மறுநாளும் இழுக்குதுன்னாரு. மறுபடி திருத்தினாரு. கன்ட்ரோலரை மூணு தடவை மாத்தினாரு. கடைசியில விரல் எப்படிக் கோணினாலும் கேம் அதைக் கண்டுக்காம பந்தை நேரா அனுப்புற மாதிரி ஆகிப்போச்சு. முழங்கையால இடிச்சாக்கூட மூணு பாயிண்ட்.

இதை அவ எடுத்துச் சொன்னப்ப, கேன்டீன்ல அத்தனை பேர் முன்னாடி சிரிச்சாரு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்குக் கூடம் நேரா இருக்கிறதே கஷ்டமா இருக்காம்மா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவளுக்குச் சுருக்குன்னு தைச்சுது.

இன்னைக்கு மேனேஜர் முடிவு சொல்லணும். பழைய உதையா, புது உதையா? பழைய உதையில ஒரு கோளாறும் இல்லன்னு காட்டிட்டா, அண்ணனோட மூணு வார வேலை குப்பைக்கு. அதுக்குத்தான் காலையிலேர்ந்து உட்கார்ந்து, பழைய உதையை ஆடிப் பார்த்த ஆறு பேரோட விரல் அசைவையும் ஒரே படத்துல கோடு கோடா போட்டுக் கொண்டுவந்திருந்தா.

அஞ்சு கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா ஏறுது.

ஆறாவது கோடு லேப்டாப்ல கொஞ்சம் தடிமனா தெரிஞ்சுது. இப்பத்தான் புரியுது, தடிமன் இல்ல. நடுக்கம். பொடிப்பொடியா, ஒரே சீரா, ரம்பத்துப் பல்லு மாதிரி.

கன்ட்ரோலர் பழுதா இருக்கும்னு முதல்ல நினைச்சா. ஆனா அதே கன்ட்ரோலர்ல மத்தியானம் அவளே உதைச்சுப் பார்த்திருக்கா. அந்தப் பதிவைத் திறந்தா. கோடு நேரா இருக்கு.

இன்னொண்ணையும் பார்த்தா. குச்சியைத் தள்ளுறதுக்கு முன்னாடி, விரல் அது மேல சும்மா கிடக்குற ரெண்டு நொடியிலயும் கோடு ஆடுது.

ஆறாவது கோடு யாரோடதுன்னு யாரையும் கேட்கத் தேவையில்ல.

பந்து வலது பக்கம் இழுத்தது நெசந்தான். அவருக்கு மட்டும்.

இதைத்தான் இன்னும் பத்து நிமிஷத்துல அவ எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறா. ஒருத்தரோட கையை, அவருக்கே தெரியாம, எட்டடித் திரையில.

பின்னாடி கதவு சாத்துற சத்தம். அண்ணன்.

படத்தை மூடப் பார்த்தா. அவசரத்துல அது இன்னும் பெருசாத்தான் ஆச்சு.

"விடும்மா"ன்னாரு. "அந்தக் கோட்டைத் தினமும் சாயங்காலம் பார்த்துட்டுத்தான் நான் வீட்டுக்கே போறேன்."

அவ அவரு பக்கம் திரும்பினா. "தெரிஞ்சுமாண்ணா உதையை மாத்திக்கிட்டே இருந்தீங்க?"

அவரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. வலது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டாரு. கொஞ்ச நாளா எந்த மீட்டிங்லயும் அப்படித்தான் உட்காருறாரு. திமிருன்னு நினைச்சிருந்தா.

"தப்பு கேம்ல இருந்தா நானே சரி பண்ணிடலாமேம்மா."

வெளிய மேனேஜர் குரல், கூடவே நாலஞ்சு பேர் நடந்து வர்ற சத்தம். அவ சட்டுன்னு ஒயரைப் பிடுங்கினா. திரை வெறும் நீலமாச்சு.

"என்ன, ரெண்டு பேரும் இன்னும் அடிச்சுக்கலையா?"ன்னு கேட்டுக்கிட்டே மேனேஜர் உட்கார்ந்தாரு. "எங்கம்மா உன் ஆதாரம்?"

அவ பிடுங்கின ஒயரைச் சுருட்டிக்கிட்டிருந்தா.

"ஆதாரம் எதுக்கு சார்? இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. பழைய உதையையே போடுங்க"ன்னாரு அண்ணன்.

இன்னைக்கு மழைதான்னு யாரோ மூலையில முணுமுணுத்தாங்க.

பழைய உதையை ஒரு தடவை காட்டச் சொன்னாரு மேனேஜர். கேமைத் திரையில போட்டாங்க. பதினோரு வருஷமா எந்த மீட்டிங்லயும் முதல் உதை அண்ணனோடதுதான். அவரு இடது கையால கன்ட்ரோலரை எடுத்து அவகிட்ட நீட்டினாரு.

அவ குச்சியைப் பின்னாடி இழுத்தா. நேரா தள்ளினா. ரெண்டு கம்பத்துக்கும் நட்ட நடுவுல போச்சு பந்து. எல்லாரும் திரையைப் பார்த்துக் கை தட்டினாங்க.

அண்ணன் திரையைப் பார்க்கல. அவளோட கட்டைவிரலையே பார்த்துக்கிட்டிருந்தாரு.