காதால் படித்தவன்

"கேக்கிறது படிக்கிறதாகாது, லோர்னா..."

"ஆகும். கதை உள்ளே போச்சா இல்லையா, அதான் கேள்வி..."

"வாசல் இருக்க ஜன்னல் வழியா உள்ளே போனா அதுக்குப் பேர் திருட்டு."

பள்ளி நூலகத்தில் நூலகர் லோர்னாவையும் க்வெனையும் தவிர வேறு யாரும் இல்லை. சுவரில் நீலத்தாளில் ஓர் ஏரி. அதில் பிள்ளைகளின் பெயர் எழுதிய காகித மீன்கள். ஒரு புத்தகம் முடித்தால் மீன் ஒரு விரல் மேலே ஏறும். உச்சியில் நிற்கும் ஒரே ஒரு மீன்தான் மாநில வாசிப்புப் போட்டிக்குப் போகும். இந்த வருடம் முழுக்க க்வெனின் மகள் கிரெட்டாதான் உச்சியில். இந்த வாரம் பக்கத்து வீட்டு டோபினின் மீன் அவளை உரசிக்கொண்டு நின்றது.

டோபினுக்கு எழுத்துக்கூட்ட வராது என்று தெரிந்தபோது, அவன் அம்மா பெக்கிக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட்டிஷ் சமைத்து எடுத்துப்போனவள் இதே க்வென்தான். அப்போது மனசு நிறைய இரக்கம் இருந்தது. அந்த பெக்கி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபிக் கோப்பையோடு, "எங்க டோபின் இருக்கானே..." என்று ஆரம்பித்த நாளிலிருந்து, இரக்கம் இருந்த இடத்தில் அடுப்பு எரிகிறது. நேற்று சாப்பாட்டு மேஜையில்கூட க்வென் அவனை, "காதால படிக்கிற கழுதை" என்று சொல்லிச் சிரித்தாள். கிரெட்டா முள்கரண்டியை வைத்துவிட்டு, பாட்டுக் கேட்கிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

லோர்னா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி பள்ளி கொடுத்த எல்லா டேப்லட்டிலும் இருக்கிறது. யாருக்கும் தனிச் சலுகை இல்லை. வேண்டிய பிள்ளை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம்.

க்வென் மசியவில்லை. முதல்வரிடம் பேசியாயிற்று, காதால் படித்தவர்களுக்கு ஏரியில் இடமில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டாயிற்று என்றாள்.

"யாரா இருந்தாலுமா?" என்று கேட்டாள் லோர்னா.

"யாரா இருந்தாலும். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

லோர்னா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். டோபினின் மீன் கையோடு வந்தது. க்வெனின் வயிறு குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பெக்கியின் மூஞ்சியைப் பார்க்கவேண்டும்.

லோர்னா இறங்கவில்லை. அவள் கை இன்னும் மேலே போயிற்று.

"லோர்னா, அது எங்க கிரெட்டாவோடது."

"தெரியும், க்வென். டோபினுக்கு அந்த பட்டனைக் காட்டிக்கொடுத்ததே அவதான். எழுத்தெல்லாம் எறும்பா ஓடுதுன்னு வருஷ ஆரம்பத்திலேயே எங்கிட்ட வந்து அழுதா." இரண்டாவது மீனும் சுவரை விட்டு வந்தது. "அம்மாகிட்ட சொல்லுன்னு எத்தனையோ தடவை சொன்னேனே, சொல்லலையா?"