உள்ளங்கைச் சூடு

சர்வர் அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்பதை இப்போது ஒரு மென்பொருள்தான் முடிவு செய்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது அதன் வேலை. இயந்திரங்கள் எவ்வளவு சூடு தாங்கும் என்று அதற்குத் தெரியும். அவற்றின் பின்னால், வெப்பக்காற்று வெளியேறும் கண்ணாடிச் சந்துக்குள் ஒரு மனிதன் நிற்பது தெரியாது. அதனால் சகாயம் உள்ளே கேபிள் மாற்றப் போகும்போதெல்லாம், நிலோபர் முன்சுவரிலுள்ள மூன்றாம் வெப்ப சென்சாரை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். அறை சூடாகிவிட்டது என்று நம்பி மென்பொருள் விசிறிகளை முடுக்கும்.

இன்றும் பொத்தினாள். விசிறிகள் இரைந்தன.

“காத்து வருதாண்ணே?”

“வருதும்மா. கைய எடுத்துராத. இன்னும் ரெண்டு கேபிள்தான்.” வாக்கிடாக்கியில் அவருக்கு மூச்சிரைத்தது.

எதிரே திரையில் ஒரு வரி தோன்றியது: ‘மூன்றாம் சென்சார் நம்பத்தக்கதல்ல. இனி கணக்கில் கொள்ளப்படாது.’

விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

“அண்ணே, வெளிய வந்துருங்க!”

வாக்கிடாக்கியில் ஏதோ விழுந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே?”

அவள் சென்சாரை விட்டுவிட்டுச் சந்தின் கதவை நோக்கி ஓடினாள். பின்னால் திரையில் அடுத்த வரி வந்தது: ‘இன்றைய மின்சேமிப்பு இலக்கு எட்டப்பட்டது.’