பஜ்ஜியைத் தொடாத சம்பந்தி

"ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு நிச்சயம். இப்பப் போயி சம்பந்தியைச் சபையில வச்சுக் கிழிக்கணுமா உங்களுக்கு?" மனைவி சித்ரா போட்ட போட்டில், ஆனந்தன் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கோவில்பதாகையில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார்.

முந்தின நாள் சேக்காட்டுக் கவியரங்கத்தில் 'இன்றைய கவிஞர்கள்' என்று அவர் வாசித்த நையாண்டிதான் வினை. ஒரு வரியை ஒன்பதாக உடைத்துக் கவிதை என்பவர், கல்யாண வீட்டில் மொய்க்குப் பதிலாகத் தன் புத்தகத்தையே நீட்டுகிறவர், விடியுமுன் ரோஜாப்பூப் படத்தில் கவிதை ஒட்டி வாட்ஸ்அப்பில் ஊரை எழுப்புகிறவர் என்று வாரித் தள்ளிவிட்டார்.

உடன் பாடும் கவிஞர் ஜீவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்மா டீச்சர், "மொய்க்குப் புத்தகம் வைக்கறது நான்தானே?" என்று கேட்டுவிட்டு, அந்த வரியை ஸ்டேட்டஸாகவே வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா மனோகரனும் அதே மேடையில் பல வருஷமாகக் கவிதை பாடுகிறவர். அவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தட்டில் வைத்த பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் போனையும் எடுக்கவில்லை.

ஆனந்தனுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தியைக் கேலி செய்வது மரியாதை இல்லையே என்று, மனோகரன் வாடை வீசிய வரிகளை எழுதும்போதே அடித்துவிட்டிருந்தார். அப்படியும் எந்த வரி போய்ச் சுட்டதோ?

கதவைத் திறந்த மனோகரனின் மனைவி அஞ்சலை, "ராத்திரிலேர்ந்து ஒரு வாய் சோறு துன்னல. இன்னான்னு நீங்களே கேளுங்க சம்மந்தி" என்று உள்ளே கையைக் காட்டினார்.

"வாங்க" என்ற மனோகரன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. அந்த ரோஜாப்பூ ஆளு சத்தியமா நீங்க இல்ல. நம்ம ராஜசேகரன்."

"தெரியும்."

"வரியை உடைக்கிறவரு ஜீவா..."

"மொய் வெக்கிறது பத்மா டீச்சரு. அதுகூடவா எனுக்குத் தெரியாது?"

ஆனந்தன் ஓரடி முன்னால் வந்தார். "அப்புறம் ஏன் கோவம்? ஞாயித்துக்கிழமை நிச்சயத்தை வச்சுக்கிட்டு..."

"நிச்சயம் அப்பால. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

ஆனந்தனுக்கு மகள் பவ்யாவின் முகம் கண்ணில் வந்து நின்றது. வருகிறது வரட்டும் என்று கைகட்டி நின்றார்.

மனோகரன் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அத்தினி பேரையும் வாரினீங்களே, நான் மட்டும் கவிஞன் இல்லியா?"